டொக்டருக்குக் காட்டாத கால்

தர்மபுரம்
12.06.2021

அன்புள்ள மகள் பிரியந்தினிக்கு,

வற்றாப்பளை அம்மாள் புண்ணியத்தில் நானும் கொம்மாவும் சுகம், நீயும் மருமகனும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். சுகம் என்று இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, என் கால்விரல் பத்தும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், என்னைக் கதைக்க விடமாட்டாய், ஆகையால் எழுதுகிறேன். கடிதத்தைக் கொம்மா படமெடுத்து அனுப்புவா.

கொரோனாப் பயணத்தடையோடு கிளினிக் நின்றது உனக்குத் தெரியும். எங்களைப் போன்ற சீனி வருத்தக்காரரை டொக்டர் பிள்ளை போனிலேயே பார்க்கிறா, மருந்துக் குளிசை தபாலில் வருகிறது. முதல் நாள் நான் தோய்ந்து, திருநீறு பூசி, நீ அனுப்பிய நீலச் சேட்டைப் போட்டுக் கதிரையில் இருந்தேன், கொம்மா போனைப் பிடித்தா. சீனி, பிரஷர் அளவெல்லாம் கேட்டு எழுதிவிட்டுக் காலைக் காட்டச் சொன்னா. ஒரு டொக்டரின் முகத்துக்கு நேரே காலைத் தூக்குவதோ? மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. காலெல்லாம் திறம் என்று சொல்லிவிட்டேன். வயல் வரம்பில் முள்ளுக் குத்திய சின்னவிரல் அப்போதே பழுக்கத் தொடங்கியிருந்தது. விறைத்த கால், நோவு தெரியவில்லை, நோகாத புண் புண்ணே இல்லை என்று நினைத்த மடையன் நான். துணியால் சுற்றிக்கொண்டு திரிந்தேன். அதன் மணம் கொம்மாவுக்குப் பிடிபட்டது எனக்குத் தெரியாது.

இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை டொக்டர் திரும்ப எடுத்தா. நான் பழையபடி சேட்டும் திருநீறுமாகத் தொடங்க, கொம்மா துணியை அவிழ்த்துவிட்டுப் போனைக் காலுக்கு நேரே பிடித்தா. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. டொக்டர் போனை இன்னும் கிட்டப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தா. பிறகு, "ஐயா, உங்கட முகத்தைப் பாத்து நான் என்ன வைத்தியம் செய்யிறது? இந்தக் காலைப் பாக்கத்தான் நான் எடுக்கிறனான்" என்றா. உடனே ஆஸ்பத்திரிக்கும் சொன்னா. ஒரு மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு விட்டார்கள், நீ எடுப்பது ஞாயிறில், அதனால்தான் நீ அறியவில்லை. மூன்று நாள் பிந்தியிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். உண்மையாகவே பயந்துவிட்டேன் மகள்.

இப்போது பயமில்லை. புண் நன்றாகக் காய்ந்து வருகிறது. ஒன்றைவிட்ட ஒருநாள் காலைக் கதிரையில் தூக்கி வைத்துப் போனுக்குக் காட்டுகிறேன், சேட்டுக்கூடப் போடுவதில்லை, கொம்மாவுக்குச் சிரிப்பு. பக்கத்து வளவு நடராசாவும் சீனிக்காரர், என்னைப் போல மரியாதை பார்க்கிறவர், வேலியால் கூப்பிட்டு ஏசி அவரையும் காட்ட வைத்தேன். தடை எடுக்கும்வரை இப்படியே சமாளிப்போம்.

ஒன்றுதான் மனதைக் குடைகிறது. அந்த இரண்டு ஞாயிறும் நீ எடுத்தபோது இதே நீலச் சேட்டோடு சிரித்தேன், அப்பா நல்லாத் தெளிஞ்சிருக்கிறியள் என்று நீயும் சந்தோசப்பட்டாய். கீழே விரல் பழுத்துக்கொண்டிருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

நீயும் உனக்கு வருத்தமென்றால் எங்களுக்கு மறைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாஸ்க்கை விடாதே. அம்மாள் உங்கள் மூவரையும் காப்பா. நாளை ஞாயிறு நீ எடுக்கும்போது முதலில் காலைத்தான் காட்டுவேன், வடிவாகப் பார். முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
சி. தில்லைநாதன்