வீனோ என்றால் வந்தது

சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்க இன்று காலை ஆள் வந்திருந்தார். அரிசி டின்னை நகர்த்தினால், அதற்குப் பின்னால் சுவரில் உன் கையெழுத்து. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வாங்கிய பச்சை ஸ்கெட்ச் பேனாவில், தமிழ் எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தாய். தெனெர் – தூவே. வெனீர் – வீனே. தெஸீர் – திஹே. அஸேர் – இஸே.

"என்னங்கய்யா இது, மந்திரமா? அழிச்சிரலாமா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"மந்திரமில்லப்பா, கிராமர். அந்த ஒரு முழத்த மட்டும் விட்டுட்டு அடி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அப்படியே செய்துவிட்டுப் போனார். இப்போது சமையலறை முழுக்க வெளிர் மஞ்சள், ஒரு மூலையில் மட்டும் பழைய அழுக்குச் சுவரும் நீயும். பெயிண்ட் காயட்டும் என்று வெளியே வந்து உட்கார்ந்தவனுக்கு உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நம் மகள் ஸ்டெல்லா தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டதுவரை எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நம் இரண்டு குடும்பத்திலும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்தான் அதிகம். முதலில் விமானம் ஏறியது அவள்தான். ஒருநாள் போனில், கூட வேலை பார்க்கும் மிகேல் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பையன் பூசைக்குப் போகிறவன்தான், நல்ல குடும்பம்தான். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு இரண்டு வருஷம், போன் வந்தால் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதுதான் நான் அவளிடம் பேசிய பேச்சு. கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் உன் வாயால்தான்.

நீ என்னோடு சண்டை போடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பத்தாவது படிப்பை வைத்துக்கொண்டு, ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தாய்.

சனிக்கிழமை தோறும் உன்னை டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் வைத்துக் குடவாசல் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போவேன். நீ காதில் மாட்டிக்கொண்டு மகளிடம் பாடம் கேட்பாய். நான் வாசலில் நின்று டீ குடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மிகேலின் அம்மா கார்மென், நம் வீட்டுக்குப் போன் செய்வார். மூன்றே மாதத்தில் மழை பெய்கிறது, மாடு பால் கறக்கிறது, நான் கோவிலுக்குப் போகிறேன் என்றெல்லாம் சொல்லக் கற்றுக்கொண்டாய். நான் அதோடு நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீ ஸ்டெல்லாவிடம் கேட்டது வாசல்வரை கேட்டது. "பாப்பா, நடக்கறதையெல்லாம் சொல்ல வந்திருச்சு. நடந்ததை எப்படிச் சொல்றது?"

"அது கஷ்டம்மா. பாதி வினைச்சொல் எந்த விதிக்கும் அடங்காது. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மாறும். இப்ப பேசற மாதிரியே பேசு, அவங்க புரிஞ்சுக்குவாங்க" என்றிருக்கிறாள் அவள்.

"நேத்து நடந்ததைச் சொல்லாம ரெண்டு பொம்பளைங்க என்னத்தடி பேசறது?" என்றாய். பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் உண்மையான காரணத்தை வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சொன்னாய். "அந்தம்மாவுக்கு நம்ம பொண்ண இப்ப இருக்கற மாதிரிதாங்க தெரியும். பேன்ட் போட்டுக்கிட்டு ஆபீஸ் போற பொண்ணு. அவ எப்படிப் பொறந்தா, எப்படி வளந்தா, எதுவும் தெரியாது. அது தெரியாம எப்படி அவள மகளா நெனைக்க முடியும்? நான்தான சொல்லணும்?" நான் வண்டியை இன்னும் முறுக்கினேன். எனக்கு அப்போது ஸ்டெல்லாவைப் பற்றிய பேச்சே பிடிக்காது.

வீம்புக்கு உன்னைச் சீண்டவும் செய்தேன். நீ அடுப்பருகே நின்று சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருநாள், "ஒழுங்கில்லாத மொழியப் போய்ப் படிக்கறியே" என்றேன்.

"நம்மளுது மட்டும் என்ன ஒழுங்குங்க?" என்று கரண்டியோடு திரும்பினாய். "நடன்னா நடந்தேன். கிடன்னா கிடந்தேன். அப்ப வான்னா? வாந்தேனா?"

நான் வாய்க்குள் "வாந்தேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நடுன்னா நட்டேன். சுடுன்னா சுட்டேன். எடுன்னா எட்டேனா? சொல்லுங்க பாப்போம்."

அறுபதை நெருங்கிய மனுஷன், தமிழ் தவிர வேறு தெரியாதவன், என் சொந்தப் பேச்சு இத்தனை கோணலானது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் வயலிலிருந்து வந்தால் வாசலில் நின்று "வாந்தேன்" என்று குரல் கொடுப்பேன். நீ உள்ளேயிருந்து "சோறு எட்டேன், வாங்க" என்பாய்.

அங்கன்வாடியையும் நீ விடவில்லை. கைதட்டிப் பாடினால்தான் மனசில் நிற்கும் என்பது பிள்ளைகளுக்கு நீ கடைப்பிடித்த முறை. அதையே உனக்கும் வைத்துக்கொண்டாய். "தூவே, தூவிஸ்தே, தூவோ" என்று நீ தட்ட, மூக்கொழுகும் இருபது உருப்படிகளும் சேர்ந்து தட்டின. இருந்தது என்னிடம், இருந்தது உன்னிடம், இருந்தது அவனிடம் என்று அர்த்தம். ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாட்டு டீச்சர் இது? நம்ம புத்தகத்துல இல்லையே?"

"ஸ்பானிஷ் மேடம்."

அந்த அம்மா, "பிள்ளைங்க நல்லாத்தான் பாடுது. ரிப்போர்ட்ல தமிழ்ப் பாட்டுன்னே எழுதிக்கறேன்" என்றாராம். அதை நீ என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்து, உனக்கு விக்கல் வந்துவிட்டது.

தை மாதம் கல்யாணம். பத்து நாள் முன்னதாகவே ஸ்டெல்லா, மிகேலோடு கார்மென் அம்மாவும் அவர் வீட்டுக்காரர் பாக்கோவும் நம் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். ஆறடி உயரத்தில், வெயிலில் வெந்த கழுத்தோடு இருந்த பாக்கோவைப் பார்த்து, மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கியிருந்தேன். மறுநாள் வயலுக்குப் போனால் எனக்கு முன்னால் அவர் அங்கே நிற்கிறார். ஒரு கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, தலையை ஆட்டிக்கொண்டார். நான் செய்வதும் அதேதான். அவரும் ஆற்றோரத்து நெல் விவசாயி. அவர்கள் ஊரில் விதைநெல்லை ஏரோப்ளேனில் தூவுகிறார்கள் என்று இரண்டு கையையும் விரித்துப் பறந்து காட்டினார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பிடித்துப்போய்விட்டது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பாக்கோ ஏதோ சொன்னார். நேற்று வரப்பெல்லாம் நடந்தேன் என்பதற்கு "அந்தே" என்று ஒரு சொல். நீ ரசம் ஊற்றிக்கொண்டே, அங்கன்வாடிக் குரலில், "அந்தூவே" என்றாய்.

கார்மென் அம்மா தொடையில் அடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். மிகேலுக்குப் புரையேறியது. ஸ்டெல்லா கண்ணில் நீர் வரச் சிரித்தபடி எங்களுக்குச் சொன்னாள்: "முப்பது வருஷமா அவங்க அதைத் திருத்தறாங்களாம். அங்க நெறையப் பேர் அப்படித்தான் தப்பா சொல்வாங்க. குடவாசலுக்கு வந்து ஒரு டீச்சர்கிட்ட மாட்டிக்கிட்டார்னு சொல்றாங்க." பாக்கோ காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போலக் குனிந்தார்.

சிரிப்பு அடங்கியதும் கார்மென் அம்மா உன்னிடம் கேட்டார்: எல்லாரும் தடுக்கிவிழும் இந்தச் சொல் உனக்கு மட்டும் எப்படி வந்தது? நீ ரசச் செம்பைக் கீழே வைத்தாய். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாய். பரீட்சைக்குப் போகிற முகம் உனக்கு.

"வீனோ எல் ஆகுவா" என்று தொடங்கினாய். தண்ணீர் வந்தது. உடனே பாக்கோ டம்ளரை உயர்த்தி ஏதோ கூவ, மறுபடி சிரிப்பு. அவர்கள் மொழியில் வீனோ என்றால் வந்தது. திராட்சை ரசத்துக்கும் அதே சொல்தானாம். தண்ணீர் ரசமாகிவிட்டது, இது இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணம்தான் என்றிருக்கிறார். நீயும் சிரித்தாய், ஆனால் விடவில்லை. கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாய். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு கட்டத்தில் நீ என்னைக் காட்டி, "மி மரிதோ அந்தூவோ" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"என்ன சொல்றா உங்கம்மா?" என்று பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவைக் கேட்டேன். இரண்டு வருஷத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் மெல்லிய குரலில் உன் ஸ்பானிஷைத் தமிழாக்கினாள். "வாய்க்கால் கரை உடைஞ்சு ஊரெல்லாம் தண்ணி. எனக்கு வலி கண்டுருச்சு. பஸ் இல்ல. கயித்துக் கட்டில்ல என்னப் படுக்கவெச்சு நாலு பேர் தூக்கினாங்க. நெஞ்சளவு தண்ணி, மூணு மைல். மத்த மூணு பேரும் வழியில தோள் மாத்திக்கிட்டாங்க. என் புருஷன் மாத்தல. அந்தூவோ, நடந்தார். ஒண்ணுமே சொல்லல. ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்தா. நர்ஸ் கொழந்தைய நீட்டினப்ப அவருக்குக் கையத் தூக்க வரல. தரையில உக்காந்துட்டார். அதனால நான்தான் வாங்கி அவர் மடியில..."

நீ முடித்தாய்: "பூஸே." நான் வைத்தேன் என்று அர்த்தம். உன் மடியைத் தட்டி, பிறகு என் மடியைக் காட்டினாய்.

ஸ்டெல்லா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நெஜமாவா?"

"கை மரத்துப்போச்சு. அதான்."

"ஏம்ப்பா எனக்கு யாருமே சொல்லல?"

"உங்கம்மா ஸ்பானிஷ் படிச்சிட்டு வர வேண்டியிருந்துச்சே" என்றேன்.

அதை அவள் அவர்களுக்குச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கார்மென் அம்மா சிரித்துக்கொண்டே வந்து ஸ்டெல்லாவின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நீ நினைத்தது நடந்துவிட்டது. அவருடைய தோளுக்கு மேலாக நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது என்று புரிந்தது.

"சோறு ஆறுது, சாப்பிடு பாப்பா" என்றேன். ரசத்தை நானே ஊற்றினேன். மிகேலுக்கும் ஊற்றினேன்.

நீ போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்துக்குப் போன் அடித்தது. கார்மென் அம்மாதான். அழுதார். அவர்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு 'சீ' என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது. அழுகிற மனுஷியிடம் "சீ, சீ" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். நீ இருந்திருந்தால் விக்கல் எடுத்திருக்கும்.

இப்போது ஸ்டெல்லா சனிக்கிழமை தோறும் எனக்குப் பாடம் எடுக்கிறாள். நீ படித்த வேகம் எனக்கு இல்லை. 'ஃபுவே' என்று ஒரு சொல். போனாள் என்றாலும் அதுதான், இருந்தாள் என்றாலும் அதுதான். "ரெண்டும் ஒண்ணா இருந்தா எப்படிப் பாப்பா கண்டுபிடிக்கறது?" என்றேன். "கூட வர்ற வார்த்தையப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்பா" என்றாள். உன்னைப் பற்றிப் பேசும்போது எனக்கு இரண்டுமே பொருந்துகிறது, ஒரு தடுமாற்றமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கார்மென் அம்மாவிடம் உன் கதை ஒன்றைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் நீ நடவுக்கு இறங்கி, கையிலிருந்த நாற்றுமுடிக் கட்டுக்குள்ளிருந்து நண்டு எட்டிப் பார்க்க, அலறிக்கொண்டு கட்டோடு தூக்கி எறிந்ததும், அது வரப்பில் வெள்ளை வேட்டியோடு நின்ற என் மாமா முகத்தில் போய் அப்பியதும். மொத்தம் ஆறு வாக்கியம். இரண்டு வினைச்சொல் தப்பு. அங்கே அவர் பக்கத்தில் இருந்த நம் பேத்தி, ஸ்டெல்லாவின் மகள், குறுக்கே வந்து, "தாத்தா, அப்படி இல்ல" என்று திருத்தினாள். நண்டுக்கு வார்த்தை தெரியாமல் விரலால் கிள்ளிக் காட்டினேன். கார்மென் அம்மா மூச்சுமுட்டச் சிரித்து, பாக்கோவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நாற்பது வருஷத்துக் கதை என்னிடம் இருக்கிறது. வினைச்சொல் பதினேழுதான் தெரியும். எந்தக் கதைக்கு எந்தச் சொல் வேண்டும் என்று யோசித்தபடியே தினமும் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன். எதிரே வருகிறவர்கள் என்னய்யா தனியாச் சிரிக்கிறீங்க என்கிறார்கள்.