கழற்றிய மூடி

அண்ணா,

உன் மாப்பிள்ளைக்கு, என் வீட்டுக்காரருக்கு, மெஷினில் இரண்டு விரல் போனதற்கு நீதான் காரணம். அவருடைய கவனக்குறைவு என்று சூப்பர்வைசராக எழுதிக் கொடுத்து வேலையையும் பறித்தாய்.

அந்த மெஷினில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படமெடுத்துக் காட்டியபோது, "சீனக் கிறுக்கல், யாருக்குடி புரியும்?" என்று சிரித்தாய். எண்ணெய்க் கறையில், மொழிபெயர்த்துக் காட்டும் போன் கேமராவுக்கும் அது பிடிபடவில்லை. அதனால் நாலு மாதம் அந்த எழுத்துகளைத் திரையில் விரலால் எழுதிப் பழகினேன். முதலில் குறுக்குக்கோடு, பிறகு நெடுக்கு. கட்டமென்றால் உள்ளே இருப்பதை முடித்துவிட்டுத்தான் அடிக்கோடு. வரிசை தப்பினால் போன் வேறெதையோ காட்டும். நேற்று ஒன்றுகூடத் தப்பவில்லை; போன் தமிழில் காட்டியது: 'மூடியைக் கழற்றிவிட்டு இயக்காதே.'

"கழட்டுடா, வேலை ஓடட்டும்" என்றது நீ. அவர் இன்னும் உன்னைத் திட்டுவதில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை அந்த விபத்துக்கு மறுவிசாரணை. அங்கே வந்து, 'மூடியைக் கழற்றச் சொன்னது நான்தான்' என்று உன் கையால் எழுதிக் கொடு.

உன் தங்கை