பூரணம் மச்சாளின் சொட்டு மருந்து

உரும்பிராய்,
12.07.1992

அன்பான அத்தானுக்கு,

நாங்கள் ஒருமாதிரி இருக்கிறோம், நீங்கள் சுகமாய் இருக்கவேண்டும். வதனியின் வலக் காதில் சீழ் வடிவது நிற்கவில்லை. தலையணை உறையெல்லாம் மஞ்சள். அந்த மணத்துக்குப் பக்கத்தில் படுக்க எனக்கே குமட்டுகிறது. பெற்றவள் இப்படி எழுதக்கூடாதுதான். அரசாங்கத் தடையால் இங்கே கடைகளில் மருந்துக்கும் மருந்தில்லை. நீங்கள் கொழும்பில் மருந்துக் கடையில்தானே நிற்கிறீர்கள், வருகிறவர்கள் யாரிடமாவது காதுக்கு ஒரு போத்தல் கொடுத்து விடுங்கோ. என் பெயருக்கே அனுப்புங்கோ.

உங்கள் மகாதேவி

வெள்ளவத்தை,
02.08.1992

அன்பின் மகாதேவிக்கு,

ஊருக்கு வருகிற தியாகராசா அண்ணையிடம் போத்தல் கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல பூரணம் அக்காவின் பெயரைத்தான் எழுதினேன், குறை நினையாதே. தாய்க்குத் தாயாய் நின்று என்னை வளர்த்தவ. நல்ல அன்ரிபயோட்டிக். காலையும் மாலையும், போத்தல் முடியும்வரை விடு. பிள்ளைக்கு என் முத்தங்கள்.

பரமலிங்கம்

உரும்பிராய்,
13.09.1992

அத்தானுக்கு,

சீ, எழுதவே அருவருப்பாய் இருக்கிறது. பூரணம் மச்சாள் போத்தலைத் தன் வீட்டுச் சாமியறையில் வைத்துக்கொண்டு, தானே விடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றா. நானும் நாள்தவறாமல் பிள்ளையைக் கூட்டிப் போனேன். முந்தநாள் கொஞ்சம் நேரத்தோடு போனால், முற்றத்தில் காதுநோவோடு ஊர்ச்சனம் வரிசை! சொட்டுக் குழாயை இளையதம்பியரின் காதுக்குள் முட்ட விட்டு எடுத்து, துடைக்காமல் மார்க்கண்டுவின் மனிசிக்கு விடுகிறா. நுனியில் சீழ் நூலாய்த் தொங்குகிறது. அடுத்தது வதனியாம்! கையைத் தட்டிவிட்டேன்.

"மருந்தில்லாத காலத்திலை நாலுபேருக்குக் குடுத்தால் புண்ணியமடி. குறையக் குறைய உள்ளிப்பூடு காய்ச்சின எண்ணெய் விட்டு நிரப்பித்தான் வைச்சிருக்கிறன்" என்று பெருமை வேறு. அந்த இடத்திலேயே குமட்டிச் சத்தியெடுத்தேன்.

நேற்றுப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினேன், டொக்டர் பார்த்துவிட்டு ஏசினார். "செவிச் சவ்விலை ஓட்டை. மருந்து நல்லதுதான், ஆனால் ஓட்டைக் காதுக்குப் பாத்து விடவேணும். சீழைத் துடைச்சு, கொஞ்ச நாள் விட்டிட்டு நிப்பாட்டோணும். கனநாள் விட்டால் உள்நரம்பு போயிடும். ஊர்ச் சீழையும் எண்ணெயையும் ஆர் விடச் சொன்னது?"

நீங்களும்தானே முடியும்வரை விடச் சொன்னீர்கள், மருந்துக் கடைக்காரரே! இடக் காதைப் பொத்திவிட்டு வலக் காதோரம் கை தட்டினால் பிள்ளை திரும்புகிறாளில்லை. மருந்தாலோ அந்த அழுக்காலோ என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. போன காதுக்கேள்வி இனித் திரும்பாதாம். மச்சாளிடம் நீங்களே எழுதிக் கேளுங்கோ.

மகாதேவி

வெள்ளவத்தை,
04.10.1992

மகாதேவி,

கடிதம் கண்டு இடிந்துபோனேன். ஆனாலும் அக்காவிடம் எந்த வாயால் கேட்பது? நல்லதை நினைத்துச் செய்தவ, கேட்டால் உயிரை விட்டுவிடுவா. காய்ச்சலில் காது போனது என்று எல்லாருக்கும் சொல். பிள்ளைக்கும் அப்படியே சொல்லிப் பழக்கு. மற்றக் காது நன்றாய்த்தானே இருக்கிறது.

பரமலிங்கம்

பருத்தித்துறை,
01.11.1992

திரு. பரமலிங்கம் அவர்களுக்கு,

விலாசத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்கும். பிள்ளையும் நானும் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி எங்களைத் தேட வேண்டாம். சீழைக் கண்டு வந்த குமட்டல் துடைத்ததும் போனது. உங்கள் கடிதத்தைக் கண்டு வந்தது இன்னும் போகவில்லை.

கடிதத்தைக் கண்டதும் வதனி ஓடிவந்து, "அப்பா என்ன எழுதியிருக்கிறார்? வாசியுங்கோ அம்மா" என்று இடக் காதைத் திருப்பிக்கொண்டு மடியில் குந்தினாள்.

நான் வாசிக்கவில்லை. அந்தக் காதையும் பழுதாக்க எனக்கு மனம் வரவில்லை.

மகாதேவி