மங்களம் பாடும் வரை

தாமரைப் பொய்கையில் தோன்றிய தாயாரின் திருவடிகள் முன்நிற்க.

திருச்சானூர்,
யுவ வருஷம், ஆவணி 12

கல்கத்தாவில் பேசும்படத்தில் இராமபிரான் வேடம் தரித்திருக்கும் சிரஞ்சீவி தம்பி கோவர்த்தனனுக்கு, தமக்கை அலர்மேல்மங்கை ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் மனைவி தாட்சாயணியும் இங்கு நலம் என்று எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை.

உன்னுடன் ஆர்மோனியம் வாசிக்க வந்த கேசவன் எனக்குத் தனியே கடிதம் போட்டிருக்கிறான். "ஒங்க தம்பி பதினோரு நாளா பாலைத் தவிர எதுவும் துன்றதில்லக்கா. கேட்டா, மங்களம் பாடட்டும், அப்புறம் பாக்கலாம்ன்றாரு. இங்க மங்களம் பாடற காட்சிய எடுக்க இன்னும் ஒரு மாசம் ஆவும். மைக்குக்காரரு மொதல்ல கத்தாதேன்னாரு, இப்ப கொரலே காணோமேன்னு கேட்டுக்கினு இருக்காரு. பத்து நாள் பாப்பாங்களாம், தொண்டை தெறக்கலன்னா மகுடத்தை வேற ஆளுக்கு வெச்சிடுவாங்களாம்" என்று எழுதியிருக்கிறான். நகரி ஊர் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் மைக்கின்றி எட்டிய குரல் உன்னுடையது.

குற்றம் உன்னுடையதன்று. இராமர் மகுடம் சூடியவன் மங்களம் பாடி முடியும்வரை அன்னம் தொடலாகாது என்று நம் நாடகக் கம்பெனியில் நியமம் விதித்தவள் நான். மாலையில் தொடங்கி விடியலில் முடியும் நாடகத்துக்கு விதித்தேன். துண்டு துண்டாக ஒன்றரை மாதம் நடிக்கும் நாடகம் ஒன்று வரும் என்று நான் அறியவில்லை.

இரண்டு நாளாக இராமாயணத்தைப் பிரித்து வைத்துத் தேடினேன். பெருமான் வனத்தில் கிழங்கும் கனியும் உண்டுதான் இருந்தான். முடிசூடும் நாள்வரை பட்டினி கிடந்தான் என்று எங்கும் இல்லை. அவன் ஏற்காத நோன்பை அவன் வேடத்துக்கு விதிக்க நான் யார்? விதித்த நானே விலக்குகிறேன். இன்றுமுதல் மாலைதோறும் தாயார் சந்நிதியில் மங்களம் பாடுகிறேன். அன்றன்று மகுடத்தைக் கழற்றியதும் நீ இலைமுன் உட்கார். பாவம் என்று ஒன்று இருந்தால் அது என் கணக்கில் சேரட்டும்.

தாட்சாயணியைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். கேசவன் கடிதம் வந்த நாள்முதல், "அவரு துன்னாம எனக்கு எப்படி அண்ணி எறங்கும்" என்று இலையை மூடிவிடுகிறாள். அதட்டினேன். "அப்ப நீங்க துன்னுங்க, பாக்கலாம்" என்றாள். நான் என் இலையையும் மூடிவிட்டு எழுந்தேன்.

இக்கடிதம் கண்ட அன்றே உண்டேன் என்று உன் கைப்பட ஒரு வரி எழுது. உன் உடலும் குரலும் குன்றாதிருக்கத் தாயார் அருள்க; உன்னோடு அங்கிருப்போர் அனைவரும் வாழ்க; நம் இல்லத்தில் உலை கொதிக்கட்டும்.

இங்ஙனம்,
உன் தமக்கை
அலர்மேல்மங்கை