டி மாய்ன் மைதானத்தில் வெர்னா

அயோவா,
ஆகஸ்ட் 1923

அன்புள்ள மெர்ட்டனுக்கு,

உங்கள் இருமல் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். பிள்ளைகள் சுகம். சோளம் ஆளுயரம் தாண்டிவிட்டது; இன்னொரு மழை வந்தால் நல்லது. உங்கள் தம்பி கிளைட் மாடுகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். வாய்தான் ஓயவில்லை.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். குதிரை லாடம் எறியும் தேசியப் போட்டிக்கு நானும் கிளைடும் போயிருந்தோம், நீங்கள் முன்பே பதிந்திருந்த உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்வதற்காக. போய்ச் சேருவதற்குள் உங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கிளைட் பெஞ்சில் ஏறி நின்று, "அண்ணன் காசநோய் ஆஸ்பத்திரியில இருக்காரு, வரமாட்டாரு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

அந்த ஆத்திரத்தில்தான் பெண்கள் பிரிவில் என் பெயரைக் கொடுத்தேன்.

"அண்ணி, நீங்க கொட்டகைக்குப் பின்னால எறிஞ்சதோட சரி. இவங்கல்லாம் புலிங்க" என்றான் கிளைட்.

"வாயை மூடிட்டு என் தொப்பியைப் பிடி" என்றேன்.

முதல் ஆட்டத்தில் எதிரே ஆடியவள் என் லாடத்தைக் கையால் தொடவில்லை. காலணி நுனியால் ஒதுக்கிவிட்டாள். ஜெயித்தபின் கை நீட்டினேன். பார்க்காததுபோல் போய்விட்டாள். அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அப்படித்தான். மெர்ட்டன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் தரையில் நட்ட இரும்பு முளையைப் பார்த்து எறிவதைவிட அந்த முகங்களைப் பார்த்துத்தான் எறிந்தேன். அப்படியே இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன்.

அங்கே மின்னசோட்டாக்காரி இங்கா சோடர்பெர்க். பால் கறந்து முறுக்கேறிய கைகள். ஐம்பது புள்ளி எடுப்பவருக்குப் பட்டம். இருவரும் நாற்பதைத் தாண்டிய நேரத்தில், அவள் லாடம் முளையைச் சுற்றி விழுந்தது. என்னுடையது அதன் மேலேயே போய்ச் சிக்கிக்கொண்டது. கூட்டம் ஆரவாரித்தது. நான் எடுக்கப் போவதற்குள் இங்கா குனிந்து, களிமண் அப்பியிருந்த இரண்டையும் வெறும் கையால் பிரித்து, என்னுடையதைத் தன் பாவாடையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"வீட்டுக்காரர் எப்பலேருந்து ஆஸ்பத்திரியில இருக்காரு?" என்று கேட்டாள்.

"பிப்ரவரியிலேருந்து."

"என் தங்கச்சியும் இருந்தா. ஒதுங்குறவங்களை எதுக்குப் பாக்குற? முளையைப் பாருடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுவர் தலையைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் நன்றாகவே எறிந்தேன். அவள் என்னைவிட நன்றாக எறிந்தாள். தோற்றுவிட்டேன். இங்கா தன் கோப்பையை வாங்கிக் கிளைடிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டே எலுமிச்சைச் சாறு விற்கும் இடம் வரை நடந்து வந்தாள். தங்கை என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"போய்ப் பாக்குறியா?" என்று மட்டும் கேட்டாள். வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள்.

என்னையும் பிள்ளைகளையும் நீங்கள் இல்லாமல் பழகிக்கொள்ளச் சொன்ன அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உள்ளே விடாவிட்டால் புல்வெளியில் நிற்கிறேன். நீங்கள் ஜன்னலுக்கு வந்தால் போதும். நிற்க முடியாவிட்டால் நாற்காலியைப் போடச் சொல்லுங்கள்.

கடவுள் உங்களை ஞாயிறு வரைக்கும், அதற்கப்புறமும் காக்கட்டும்.

உங்கள்,
வெர்னா