முதல்ல பல்லு, அப்புறம் டிக்கெட்

அன்பு மகள் வாலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் கடையும் நல்லா இருக்கோம். உனக்கும் அந்தக் கடைவாய்ப்பல் ஒண்ணைத் தவிர மிச்சமெல்லாம் சுகம்னு உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவோட சாயங்காலம் பாலம் வரைக்கும் நடந்துட்டு வர்றா, நடக்கிறதை விடப் பேசுறதுதான் அதிகம், இருந்தாலும் வலி குறைஞ்சது நிஜம். கடையில சாவி வெட்டுற மெஷினுக்குப் புது பிளேடு போட்டாச்சு, பழைய பிளேடு சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் காதுல பஞ்சு வெச்சிருந்தார், இப்ப எடுத்துட்டார், எடுத்த நாள்லயிருந்து வந்து வந்து பேசிக்கிட்டு இருக்கார்.

இப்ப உன் பல்லு விஷயத்துக்கு வர்றேன். தூக்கத்துல நறநறன்னு கடிச்சுக் கடிச்சே ஓரம் தெறிச்சுப் போச்சு, டாக்டர் வாய்க்கு அளவெடுத்து, தூங்கும்போது பல்லு மேல மாட்டிக்கிற மவுத் கார்டு செஞ்சு போடச் சொல்றார், விலை ஒரு மாச வாடகையைத் தொடுது, அதனால முதல்ல ஊருக்கு வர டிக்கெட் எடுத்துட்டுப் பல்லை அடுத்த வருஷம் பார்த்துக்கறேன், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன்னு எழுதியிருக்கே. அடி அசடே, பல்லைக் கடிக்கிறதுதானே வியாதியே. கடையில ரெடிமேடா விக்கிறதை வாங்கி வெந்நீர்ல போட்டுக் கடிச்சுப் பார்த்தியாம், காலையில அது தலகாணிக்கு அடியில கிடந்துச்சாம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவின்னு ஒருத்தன் வித்தா நான் வாங்குவேனா, என் பொண்ணாப் பொறந்தும் நீ வாங்கியிருக்கே.

நீ சொன்ன விலையைக் கேட்டதும் என் புத்தி எங்கே போகும், சாவிக்காரன் புத்தி, அச்சு இருந்தா எதையும் வெட்டிடலாம்னு போச்சு. நீ பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ பல்லுக்குக் கம்பி போட்டோமே, அப்ப எடுத்த உன் பல்லு அச்சு, வெள்ளை பிளாஸ்டர்ல செஞ்சது, பீரோ மேல அம்மா இன்னும் பத்திரமா வெச்சிருந்தா. அதைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, டாக்டர்களுக்குப் பல்செட்டு செஞ்சு கொடுக்கிற லேப் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு பஸ் ஏறிட்டேன். இங்கேயே மலிவா செஞ்சு தபால்ல அனுப்பிடலாம்னு கணக்கு. வழியில துண்டு நழுவிப் பல்லு வெளியே தெரிஞ்சதும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்ப் பின்னாடி நின்னுக்கிட்டார்.

லேப்ல ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் உன் பழைய தெத்துப்பல்லைத் தொட்டுக் காட்டி, "இதை நேராக்கத்தானே சார் கம்பி போட்டீங்க?"ன்னு கேட்டா. எனக்கு அப்பதான் உறைச்சது. பூட்டை மாத்திட்டுப் பழைய சாவியோட வந்து நிக்கிறவங்களை எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருப்பேன், இன்னிக்கு நானே அப்படிப் போய் நின்னேன், அதுவும் பூட்டை மாத்தினதே நான். அசடு வழிஞ்சு வாய்விட்டுச் சிரிச்சேன். சிரிச்ச வாயை அந்தப் பொண்ணு உத்துப் பார்த்துட்டு, உங்க பல்லெல்லாம் தட்டையாத் தேய்ஞ்சிருக்கே, தூக்கத்துல கடிப்பீங்களான்னு கேட்டா. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. கல்யாணம் ஆன நாள்லயிருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், பகல்ல கடையில சாவி ராவுறது பத்தாதுன்னு தூக்கத்துலயும் அரத்தை எடுத்துட்டார் போலன்னு விட்டுட்டேங்கிறா. ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேட்டா, சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களான்னுட்டா. டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. அவர் சொன்ன விலையைக் கேட்டு, இந்த வயசுல எனக்கெதுக்கு, இருக்கிற பல்லு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு நான் எழுந்துட்டேன். அப்ப டாக்டர் முன்னாடியே அம்மா சொன்னா, "தூங்கும்போது பல்லைக் கடிக்கிறதும் முழிச்சிருக்கும்போது காசைப் பிடிச்சுக்கிறதும் ரெண்டும் உங்ககிட்டயிருந்துதான் அவளுக்குப் போச்சு. முதல்ல நீங்க போடுங்க, அப்பதான் அவ போடுவா." நான் திரும்ப உக்காந்துட்டேன்.

இப்ப போட்டு மூணு வாரம் ஆகுது. முதல் ரெண்டு நாள் வாய்க்குள்ள செருப்பை வெச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. காலையில எழுந்தா நெத்திப்பொட்டுல ஒரு வலி இருக்கும், அது வயசுன்னு நினைச்சிருந்தேன், அது வயசு இல்லையாம், போயே போச்சு. அம்மா வெயில் வர்ற வரைக்கும் தூங்குறா, காபி நான்தான் போடறேன், சர்க்கரை பத்தலைன்னு தினம் ஒரு குறை சொல்லிட்டுக் குடிக்கிறா.

அதனால சொல்றேன் கண்ணு, டிக்கெட்டுக்கு வெச்சிருக்கிற காசைப் பல்லுக்குப் போடு. நான் அனுப்பினா நீ திருப்பி அனுப்புவே, கடை ஷட்டர் ரிப்பேருக்கு நீ அனுப்பின காசை நான் திருப்பி அனுப்ப, நீ மறுபடி அனுப்பினதுலயே பார்த்தாச்சு. நீ கொஞ்ச மாசம் தள்ளி வந்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது, பல்லு தெறிச்சா திரும்ப முளைக்காது. இதைச் சொன்னதும் அம்மா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வெச்சிருந்தா, அப்புறம் அவளே மாசக் காலண்டர்ல உனக்காகப் போட்ட வட்டத்தை அழிச்சுட்டு நாலு தாள் தள்ளி வேற வட்டம் போட்டுட்டா. உன்னைப் பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு இருக்குன்னு எழுதினா நீ நாளைக்கே டிக்கெட் எடுத்துடுவே, அதனால எழுதலை.

மவுத் கார்டைச் சுடுதண்ணியில கழுவாதே, கோணிக்கும், பச்சைத்தண்ணி போதும். நேரத்துக்குச் சாப்பிடு, வேலையைத் தலகாணி வரைக்கும் கொண்டு போகாதே. நோய் நொடி இல்லாம, வாய் நிறையச் சிரிச்சுக்கிட்டு நீ நல்லா இருக்கணும், எங்க ரெண்டு பேருக்கும் வேற ஆசை இல்லை. வாஷ்பேசின் மேல தட்டுல என் மவுத் கார்டு டப்பாவை ஓரமா நகர்த்தி வெச்சிருக்கேன், பக்கத்துல உன் டப்பாவுக்கு இடம் இருக்கு. அதை எடுத்துக்கிட்டு வா.

இப்படிக்கு,
உன் பல்லுக்கும் காசுப் பிடிப்புக்கும் பொறுப்பான
அப்பா