சிவப்புத் துண்டு கட்டிய குச்சி

ஜூன் 9, திங்கள்

புளியங்குடி சாலையில் பாலம் கட்டுகிறார்கள். 'சாலைப் பணி நடைபெறுகிறது' என்று பலகை. நடைதான் பெறுகிறது, ஓடியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

அந்த வழியாக அம்மா இன்று முதல்முறையாகக் கார் ஓட்டி வேலைக்குப் போனாள். அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருப்பதும் புளியங்குடியில் நான் படிக்கும் பள்ளியிலேயே! எனவே பின் சீட்டில் நான்.

அப்பா போட்ட நிபந்தனை: "ஒரு வாரம் பாப்பேன். ஒரு கீறல் விழுந்துச்சு, காரை வித்துருவேன். பஸ்ஸு இருக்குல்லா, பெறவென்ன?"

கார் வந்த அன்று டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்கவில்லை. தினமும் புளியங்குடிச் சந்தையிலிருந்து குட்டியானை வண்டி நிறைய எலுமிச்சை ஏற்றி வருகிற மனுஷன்!

ஜூன் 10, செவ்வாய்

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி போகிற அகலம்தான் வழி. நடுவே வளைவு. இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாது. வண்டிகளை நிறுத்தி அனுப்ப இங்கே மாரிச்செல்வம் அண்ணன், அங்கே சுடலைராஜ் அண்ணன். இங்கிருந்து போகும் கடைசி வண்டியிடம் மாரி அண்ணன் சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுப்பார். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு வழி.

"போன் பண்ணலாம்லா அண்ணே?"

"மெஷின் சத்தத்துல போன் எங்க கேக்குது? குச்சி பொய் சொல்லாதுட்டி."

எல்லாருக்கும் வழிவிடும் அம்மாதான் இரண்டு நாளும் கடைசி வண்டி. பலகையில் வேகம் இருபது என்றால் அம்மா பதினைந்து. இன்று ஒரு ஆடு எங்களை முந்தியது. திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனது.

ஜூன் 11, புதன்

குச்சி பொய் சொல்லாதாமே? சொல்ல வைக்கிறேன் என்று என் வகுப்பு ஜாய்ஸிடம் பந்தயம். தோற்றவள் பிரியாணி வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அப்பா தன் சிவப்புத் துண்டைத் தேடுகிறார். எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். பாதித் துண்டு எங்கே என்று அவர் கேட்கவில்லையே.

ஜூன் 13, வெள்ளி



ஜாய்ஸ் அவள் அண்ணன் பைக்கில் எங்களுக்கு முன்னால் போனாள், என் பொய்க் குச்சியோடு. சுடலை அண்ணனிடம் கொடுத்து, அவர் வழிவிடக் கை தூக்கியதும் "ஏமாந்தியளா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அவள் வாயைத் திறப்பதற்குள் முதல் வண்டி பாய்ந்துவிட்டது.

முதல் வண்டி, சந்தையிலேர்ந்து திரும்புற எங்க அப்பா!

நாங்க பாதி வழியில. நிஜக் குச்சி என் கையில. வளைவுல ஹாரன். அம்மா பிரேக் மிதிச்ச இடத்துல கார் நின்னுடுச்சு — பதினஞ்சுதானே. அப்பா வண்டி கிறீச்சுன்னு அலறி, ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் எலுமிச்சம்பழம்.

"யார்ல அது எதுக்க... ஏளா, நீயா?"

அப்பாவுக்குப் பின்னால் பஸ், டிராக்டர். எங்களுக்குப் பின்னால் யாருமில்லை. "பின்னால எடும்மா!" என்று பஸ்காரர் கத்தினார். பக்கத்திலோ கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் குழி.

"நீ எறங்கு, நான் எடுக்கேன்" என்றார் அப்பா.

"நீங்க பழத்தப் பொறுக்குங்க" என்றாள் அம்மா. பிறகு என்னிடம்: "எறங்கிக் குழியப் பாத்துச் சொல்லு. வேண்டாத நேரமெல்லாம் பேசுதல்லா? இப்பப் பேசு."

பேசினேன். வளைவு முழுக்க ரிவர்ஸ். மாரி அண்ணன் நிற்கும் இடம் வரைக்கும். ஒரு கீறல் இல்லை. நாலு டயரிலும் எலுமிச்சைச் சாறு — பூஜையும் முடிந்தது.

சுடலை அண்ணன் பொய்க் குச்சியோடு ஓடி வந்தார். அப்பா துணியைப் பார்த்தார். பிறகு என்னை.

ஜூன் 14, சனி

பிரியாணி இல்லை. திட்டு மட்டும் ஃபுல் பிளேட்.

கடைசியாக அப்பா கேட்டார்: "அந்தக் கம்பியப் பாத்தியாட்டி? ஒங்கம்மாவும் என்ன மாதிரியே வந்திருந்தா..."

எழுந்து போய்விட்டார். திட்டே தேவலை.

ஜூன் 16, திங்கள்

குட்டியானை பிரேக் வேலைக்குப் போயிருக்கிறது. சந்தைக்குப் போக அப்பா எங்கள் காரில் ஏறினார், முன் சீட்டில். வாரம் முடிந்துவிட்டது. காரை விற்பது பற்றிப் பேச்சே இல்லை.

இன்றும் நாங்கள்தான் கடைசி. மாரி அண்ணனின் பழைய துணி கிழிந்துவிட்டதாம். குச்சியில் எங்கள் வீட்டுத் துண்டு. ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்டினார். அப்பா துண்டைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

அம்மா பதினைந்து. அதே ஆடு முந்தியது.

"கொஞ்சம்..." என்று அப்பா ஆரம்பித்தார். வளைவு வந்தது. "கொஞ்சம் மெதுவாவே போ" என்று சொல்லி, குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.